பொதுக் கோப்புறையை யாருக்கெல்லாம் திறந்து வைத்திருக்கிறீர்கள்?

மட்டக்களப்பு நகரிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் கணினி வேலைக்குப் போகிற சிறிய அலுவலகங்களில் அதிகம் கேட்கிற கோரிக்கை இதுதான்: "எல்லா மெஷினிலயும் ஒரே ஃபோல்டர் தெரிய வேணும் தம்பி, அவ்வளவுதான்." நொத்தாரிசு அலுவலகம், கணக்காய்வு அலுவலகம், அச்சகம், இரத்தப் பரிசோதனை நிலையம் என்று எங்கும் இதே தேவை. பழைய டெஸ்க்டொப் ஒன்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, பெரிய டிஸ்க் ஒன்றைப் பூட்டி, அதிலுள்ள கோப்புறையை மற்றக் கணினிகளோடு பகிர்ந்துவிட்டால் வேலை முடிந்துவிடும். செலவும் குறைவு. இணையத்தில் பார்த்து நாலு கட்டளை அடித்தால் ஒரு மணி நேரத்தில் ஓடத் தொடங்கிவிடும்.

ஓடத் தொடங்குவதோடு பலர் நிறுத்திவிடுவதுதான் என் கவலை. அந்தக் கோப்புறைக்குள் காணி உறுதிகளின் ஸ்கேன் பிரதிகள், அடையாள அட்டைப் பிரதிகள், நோயாளர்களின் அறிக்கைகள் எல்லாம் இருக்கின்றன. மூல உறுதியை 2004 சுனாமியில் பறிகொடுத்த குடும்பத்துக்கு நொத்தாரிசிடம் உள்ள பிரதி எவ்வளவு பெரிய விசயம் என்பது இந்தக் கரையோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிறருடைய விபரங்களைக் காப்பதை ஒரு கடமையாகச் சொல்கிறது.

லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் உலகில், வலையமைப்பு வழியாகக் கோப்புறையைப் பகிர்வதற்குப் பழைய வழி என்எஃப்எஸ் (NFS). சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980களின் நடுப்பகுதியில் உருவாக்கியது. அந்தக் காலத்தில் வலையமைப்பில் இருந்த இயந்திரங்கள் பெரும்பாலும் ஒரே நிர்வாகியின் கையில் இருந்தன. ஆகவே ஒரு கணினி "இந்தக் கோப்பைக் கேட்பவர் 1000ஆம் இலக்கப் பயனர்" என்று சொன்னால் சேர்வர், அதாவது கோப்புறையை வைத்திருக்கும் கணினி, அதை அப்படியே நம்பும். கடவுச்சொல் கேட்காது. இன்றைக்கும் வழக்கமான அமைப்பில் என்எஃப்எஸ் இப்படித்தான் நடந்துகொள்கிறது.

உபுண்டு, டெபியன் என்ற இரண்டு லினக்ஸ் வகைகளிலும் முதலில் உருவாக்கும் பயனருக்குக் கிடைக்கும் எண் 1000. அலுவலகத்தில் மூன்று கணினிகளில் தனித்தனியே லினக்ஸ் நிறுவி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவர் பெயரில் கணக்குத் திறந்தால் மூவருமே 1000தான். சேர்வரைப் பொறுத்தவரை மூவரும் ஒரே ஆள். முதலாளியின் சம்பளப் பட்டியலைப் புதிதாகச் சேர்ந்த பிள்ளை திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். யார் அழித்தது என்று பின்னால் தேடினாலும் பிடிபடாது. இன்னும் மோசமானது, கோப்புறையை வலையமைப்பு முழுவதற்கும் திறந்து வைத்திருந்தால், வைஃபை கடவுச்சொல் தெரிந்த எவரும் தன் மடிக்கணினியில் 1000 என்ற எண்ணோடு ஒரு பயனரை உருவாக்கிக்கொண்டு வந்தால் சேர்வர் கதவைத் திறந்துவிடும். அதற்குப் பெரிய ஹேக்கராக இருக்கத் தேவையில்லை.

அதனால் கட்டளை அடிக்க முதல் ஒரு தாளை எடுத்து, அலுவலகத்தில் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன எண், யார் எந்தக் குழு என்று எழுதுங்கள். 2001, 2002 என்று தொடங்கி, ஒருவருக்கு எல்லாக் கணினியிலும் ஒரே எண் கொடுங்கள். ஏற்கெனவே ஓடும் கணினியில் எண்ணை மாற்றினால், அவருடைய வீட்டுக் கோப்புறைக்கு வெளியே கிடக்கும் கோப்புகள் பழைய எண்ணிலேயே நின்றுவிடும். அவற்றைத் தேடி உரிமையை மாற்றவேண்டும்.

அடுத்தது சேர்வரில் உள்ள எக்ஸ்போர்ட்ஸ் கோப்பு (/etc/exports). எந்தக் கோப்புறை, எந்தக் கணினிக்கு, என்ன அனுமதியோடு என்பதை இதில்தான் எழுதுகிறோம். கணினியின் முகவரிக்கும் அனுமதியை எழுதும் அடைப்புக்குறிக்கும் நடுவில் தவறி ஓர் இடைவெளி விழுந்தால் அர்த்தமே மாறிவிடும். அந்தக் கணினிக்கு வெறும் வாசிப்பு அனுமதி, உலகத்தில் உள்ள மற்ற எல்லோருக்கும் எழுதும் அனுமதி என்று சேர்வர் எடுத்துக்கொள்ளும். பிழை என்று நின்றுவிடாது, வந்தாலும் ஓர் எச்சரிக்கை வரிதான். எழுதி முடித்ததும் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளையை வி என்ற தெரிவோடு (exportfs -v) ஓட்டி, சேர்வர் உண்மையில் என்ன புரிந்துகொண்டது என்று பாருங்கள். முகவரி இருக்கவேண்டிய இடத்தில் நட்சத்திரக் குறியோ, உலகம் என்ற பொருளில் 'வேர்ல்ட்' என்றோ தெரிந்தால் உடனே திருத்துங்கள்.

'நோ ரூட் ஸ்குவாஷ்' (no_root_squash) என்ற தெரிவை "பெர்மிஷன் பிரச்சினைக்குத் தீர்வு" என்று பலர் சேர்த்துவிடுகிறார்கள். அதைச் சேர்த்தால், அனுமதி பெற்ற எந்தக் கணினியின் ரூட் பயனரும், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகியும், சேர்வரின் பகிர்ந்த கோப்புறைக்குள் ரூட் ஆகிவிடுவார். அலுவலகக் கோப்புறைக்கு அது ஒருபோதும் வேண்டாம். பெர்மிஷன் சிக்கலுக்கு உண்மையான மருந்து குழு. ஒரு குழுவை உருவாக்கி, கோப்புறைக்கு 2770 என்று அனுமதி கொடுங்கள் (சொந்தக்காரருக்கும் குழுவுக்கும் முழு அனுமதி, மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை). முதலில் உள்ள அந்த 2 இருப்பதால்தான் உள்ளே உருவாகும் ஒவ்வொரு கோப்பும் தானாகவே அதே குழுவுக்குச் சொந்தமாகிறது. குழுவினர் ஒருவர் கோப்பை மற்றவர் திருத்த, புதுக் கோப்புகளின் அனுமதியைத் தீர்மானிக்கும் யூமாஸ்க் (umask) 007 என்று இருக்கட்டும்.

ஒருவரை ஒருவர் நம்பும் இரண்டு மூன்று லினக்ஸ் கணினிகள், கேபிள் இணைப்பு, வாடிக்கையாளருக்குத் தனி வைஃபை, ரவுட்டரில் ஒவ்வொரு கணினிக்கும் நிலையான முகவரி. இப்படியென்றால் என்எஃப்எஸ் போதும். அச்சகத்தின் படத்தொகுப்பை எல்லோருக்கும் வாசிக்க மட்டும் திறந்து வைக்கவும் அது நல்லது. ஆனால் உறுதிகளும் மருத்துவ அறிக்கைகளும் உள்ள இடத்தில், எல்லாக் கணினியும் லினக்ஸாக இருந்தாலும், விண்டோஸின் எஸ்எம்பி முறையில் கோப்புகளைப் பகிரும் சாம்பா என்ற மென்பொருளைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஒவ்வொருவரும் தன் கடவுச்சொல்லோடு நுழைவார், பரிமாற்றத்தை மறைகுறியாக்கவும் முடியும், விண்டோஸ் கணினிகளும் சேர்ந்துகொள்ளும். என்எஃப்எஸ்ஸுக்கும் ஆளை அடையாளம் பார்த்து உள்ளே விடும் கெர்பரோஸ் என்ற உறுதியான வழி இருக்கிறது. ஆனால் பராமரிக்க ஆளில்லாத சிறிய இடத்தில் அது அதிக பாரம். சாம்பாவில் விருந்தினர் நுழைவை மூடுங்கள். பழைய விண்டோஸ் கணினி ஒன்றுக்காக எஸ்எம்பியின் பழைய முதல் பதிப்பான எஸ்எம்பி 1ஐத் திரும்பத் திறக்கவே வேண்டாம். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாகிரை வைரஸ் பரவியது விண்டோஸ் கணினிகளின் எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான்.

நாம் தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் என்பதால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்ட முடியாது. யுனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் பிடிக்கும். புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனிக் குறியீடுகள். 'மட்டக்களப்பு' என்று எழுதினாலே 36 பைட் போய்விடும். விண்டோஸில் ஊர், காணித்துண்டு இலக்கம், வாங்குபவர், விற்பவர் எல்லாம் சேர்த்து நீளமாகப் பெயர் வைத்த கோப்பு, சேர்வருக்குப் போகும்போது "பெயர் நீளம்" என்று நின்றுவிடுவது இதனால்தான். அப்புறம் 'கொ'வில் வரும் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னே கொம்பும் பின்னே காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் தெரிந்தால் பயப்படாமல் இதைச் சந்தேகியுங்கள். யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பெயர்களோ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். அவற்றை நகர்த்த முதல் மாற்றிவிடுங்கள். உறுதி இலக்கமும் ஆண்டும் முன்னால், ஒரு சிறு பெயர் பின்னால். அது போதும்.

மாரி காலத்தில் கரண்ட் போவது இங்கே புதிதல்ல. சேர்வர் நின்றதும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் கணினிகள் உறைந்து நிற்கும், ஏனென்றால் என்எஃப்எஸ் இயல்பாகச் சேர்வர் திரும்பி வரும்வரை காத்திருக்கும். ஆட்கள் பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்துவார்கள். இதற்கு 'சொஃப்ட் மவுண்ட்', அதாவது சிறிது நேரம் காத்துவிட்டுப் பிழை சொல்லி விலகும் இணைப்பு, போடச் சொல்லும் ஆலோசனைகள் உண்டு. எழுதும் கோப்புறைக்கு அதைச் செய்யாதீர்கள், பாதியில் அறுந்த கோப்பு மிஞ்சும். சேர்வருக்கும் நெட்வேர்க் சுவிட்சுக்கும் சேர்த்து யூபிஎஸ் வையுங்கள். சுவிட்சைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெள்ளம் ஏறும் இடமென்றால் சேர்வரைத் தரையில் வைக்கவேண்டாம்.

கரண்ட் வந்த பிறகுதான் பெரிய ஆபத்து. சேர்வருக்கு முன்னால் கணினி எழும்பிவிட்டால் மவுண்ட் ஆகாது, அதாவது சேர்வரின் கோப்புறை அந்தக் கணினியில் இணையாது. ஆனால் அதே பெயரில் வெறும் கோப்புறை ஒன்று அந்தக் கணினியிலேயே இருக்கும். பணியாளர் வழமைபோல நாள் முழுக்க அதற்குள் சேமிப்பார். மறுநாள் மவுண்ட் ஆனதும் நேற்றைய வேலை முழுவதும் அடியில் மறைந்துவிடும். "ஃபைல் எல்லாம் காணாமல் போயிற்று" என்று அழைப்பு வரும். மவுண்டை எடுத்துவிட்டுப் பார்த்தால் எல்லாம் பத்திரமாக அங்கே கிடக்கும். இதைத் தடுக்க, மவுண்ட் இல்லாத நிலையில் அந்த வெறும் கோப்புறைக்குள் யாரும் எழுத முடியாதபடி அனுமதியை முழுக்க எடுத்துவிடுங்கள். எதை எங்கே இணைப்பது என்று கணினிக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் (/etc/fstab) சிஸ்டம்டியின் ஓட்டோமவுண்ட் தெரிவை (x-systemd.automount) சேர்த்தால், கோப்புறையைத் தொடும் நேரத்தில் இணைப்பு தானாக ஏற்படும்.

பகிர்ந்த கோப்புறை காப்புப் பிரதி ஆகாது. ஒருவர் அழித்தால் எல்லோருக்கும் அழியும். தனி டிஸ்க்கில் இரவில் ஒரு பிரதி, இன்னொன்று வேறு கட்டடத்தில்.

ஒப்படைக்க முதல், அனுமதி கொடுக்காத ஒரு மடிக்கணினியை வைஃபையில் இணைத்துக் கோப்புறையைத் திறக்க முயலுங்கள். மறுக்கப்படவேண்டும். சாதாரணப் பணியாளர் கணக்கில் நுழைந்து சம்பளக் கோப்பைத் திறந்து பாருங்கள், அதுவும் மறுக்கப்படவேண்டும். கடைசியாகச் சேர்வரின் வலையமைப்புக் கேபிளைக் கழற்றி, ஒரு கணினியை மீள இயக்கி, அந்தக் கோப்புறைக்குள் எதையாவது சேமிக்கச் சொல்லுங்கள். அலுவலகத்தாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அந்தப் பிழைச் செய்தி எப்படி இருக்கும் என்று அவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டால், அடுத்த மழையில் கரண்ட் போய் வந்த பிறகு அதைக் கண்டதும் சேமிப்பதை நிறுத்திவிட்டு உங்களை அழைப்பார்கள்.