"வேணும்னே பண்றாரா, டாக்டர்?"

ஸ்ரீராமபுரத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர். வயது 54. மனைவியும் மனைவியின் தம்பியும் கூட்டி வந்தார்கள். (யாரையும் அடையாளம் காட்டக்கூடாது என்பதால், பெங்களூரில் நான் பார்த்த இரண்டு மூன்று குடும்பங்களின் கதையை ஒன்றாக்கித்தான் சொல்கிறேன்.) உட்கார்ந்ததும் என் மேஜையில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார். மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

தம்பிதான் பேசினார். "மாமா முன்னெல்லாம் அடுத்தவங்க வீட்டுல தண்ணிகூடக் கேட்டு வாங்க மாட்டார் சார்." இரண்டு வருடமாக எல்லாம் தலைகீழ். பங்காளி வீட்டுச் சாவில், பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது சத்தமாகச் சிரித்திருக்கிறார். பேக்கரிக்குப் போய் நாலைந்து தில்பசந்தை (தேங்காய்ப் பூரணம் வைத்த பேக்கரி இனிப்பு) தின்றுவிட்டு, காசு கொடுக்காமல் இறங்கி நடந்துவிடுகிறார். மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த அன்று, அவரைத் தாண்டிப் போய் டிவி ரிமோட்டை எடுத்திருக்கிறார். இதைச் சொல்லும்போதுதான் அந்த அம்மாவுக்குக் குரல் கம்மியது.

அதற்குள் குடும்பம் செய்யாததில்லை. வேறு பெண் சகவாசம் என்று ஒரு பஞ்சாயத்து. செய்வினை என்று எலுமிச்சம்பழம். "வயசான கொழுப்பு" என்று அண்ணன் வீட்டுத் தீர்ப்பு. ஆனால் மறதி மட்டும் இல்லை. யார் எவ்வளவு கடன் பாக்கி என்பது பைசா சுத்தமாக நினைவிருக்கிறது. மூளையில் ஏதாவது இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றாததற்கு அதுதான் காரணம். மனைவி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "எல்லாம் ஞாபகம் இருக்கே, அப்போ வேணும்னே பண்றாரா, டாக்டர்?"

பதில் சொல்வதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து காட்டினேன். மேஜையில் நான் ஒருமுறை தட்டினால் அவரும் ஒருமுறை தட்ட வேண்டும். இரண்டு முறை தட்டினால் சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான். விதியைத் திரும்பச் சொல்லச் சொன்னேன், பிசகாமல் சொன்னார். தட்ட ஆரம்பித்தோம். நான் இரண்டு தட்டினால் அவரும் இரண்டு தட்டினார். "ரெண்டு தட்டினா என்ன பண்ணணும்?" என்று நிறுத்திக் கேட்டால், "சும்மா இருக்கணும்" என்கிறார். அடுத்த நொடி மறுபடியும் தட்டுகிறார். மனைவி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரிவது வேறு, தெரிந்தபடி அடங்குவது வேறு. இரண்டுக்கும் மூளையில் வேறு வேறு இடம். ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையில் மூளை அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, பொதுமக்களும் போகலாம். உண்மையான மனித மூளையைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். 1.3, 1.4 கிலோ இருக்கும். அதன் மேற்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடல். அதிலும் கண்குழிக்கு மேலே உள்ள பகுதி, 'இந்த இடத்தில் இது தகுமா' என்று எடைபோடுகிறது. உள்ளே மடிந்து கிடக்கும் இன்சுலா இன்னொருவர் வலியைப் பார்க்கும்போது நம் வயிற்றைப் பிசைய வைப்பதில் பங்கெடுக்கிறது. கூச்சம், இரக்கம், நாசூக்கு என்று நாம் 'மனசு' கணக்கில் எழுதுகிறவற்றில் பாதி இங்கேதான் நடக்கிறது.

எம்ஆர்ஐ படத்தில் அவருடைய மூளையின் முன்பக்கம் சுருங்கியிருந்தது. மடிப்புகளுக்கு நடுவே பள்ளங்கள் அகன்று, கருப்பாக நீர் தெரிந்தது. பின்பக்கம் பழுதில்லை. ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா என்பது நோயின் பெயர். 1892இல் பிராக் நகரில் ஆர்னால்ட் பிக் என்ற மருத்துவர் இதை முதலில் விவரித்தார். வெகுகாலம் 'பிக் நோய்' என்றே சொன்னார்கள். பெரும்பாலும் 45க்கும் 65க்கும் இடையில் தொடங்குகிறது. அல்சைமர் நோயில் முதலில் சாவியைத் தொலைப்பார்கள். இதில் முதலில் தொலைவது குணம். இனிப்பு வெறியும் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும் சேர்ந்துகொள்ளும். தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது நோயாளிக்குப் பெரும்பாலும் தெரியாது. வீட்டாருக்கு அதுதான் பெரிய கொடுமை.

எல்லாக் குணமாற்றமும் இந்த நோய் இல்லை. முன்மடலை அழுத்தும் கட்டி, பி12 குறைபாடு, தைராய்டு என்று வேறு காரணங்களும் உண்டு. வயதானவர் தலையில் லேசாக இடித்துக்கொண்டு, சில வாரம் கழித்து மந்தமாகிறார் என்றால், மண்டைக்குள் மெல்லத் தேங்கும் ரத்தமாக இருக்கலாம். துளை போட்டு வடித்தால் பெரும்பாலானவர்கள் தேறிவிடுவார்கள். அதனால்தான் நான் எல்லாரிடமும் முதலில் "எப்போதிலிருந்து?" என்று கேட்கிறேன். ஐம்பது வயதுவரை ஒரு மாதிரி இருந்தவர் திடீரென்று வேறு மாதிரி ஆனால், பஞ்சாயத்துக்கு முன் ஒரு ஸ்கேன், ஒரு ரத்தப் பரிசோதனை.

இதைப் படித்துவிட்டு "என் வீட்டுக்காரருக்கும் முன்மடல் போயிருக்குமோ" என்று சிலர் கேட்கக்கூடும். இருபது வருடமாக அப்படியே இருக்கிறார், ஆபீஸில் மேனேஜரிடம் பணிவாக நின்றுவிட்டு வீட்டில் மட்டும் கத்துகிறார் என்றால், அவருடைய முன்மடல் ஜோராக வேலை செய்கிறது. எங்கே அடங்க வேண்டும் என்று அதற்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சரி, மருந்து? தேய்வை நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் சிலருக்குப் பதற்றத்தையும் தீனி வெறியையும் குறைக்கின்றன. அல்சைமருக்கான டோனெபெசில் இதில் பயன்படாது, சிலருக்கு நடத்தையை இன்னும் மோசமாக்கும். பக்கத்து வீட்டு மாத்திரைச் சீட்டைக் காப்பியடிக்காதீர்கள்.

உண்மையில் கைகொடுப்பது அன்றாட ஒழுங்கு. 1848இல் அமெரிக்காவில் ரயில் பாதை வேலையில் ஃபினியாஸ் கேஜ் என்பவரின் கன்னத்தில் நுழைந்த இரும்புக் கம்பி உச்சந்தலை வழியே வெளியே போனது. பிழைத்தார், ஆனால் குணம் மாறிவிட்டது என்று பாடப்புத்தகங்கள் சொல்லி முடித்துவிடும். அப்புறம் அவர் சிலி நாட்டில் பல வருடம் குதிரை வண்டி ஓட்டினார் என்பதைப் பலர் சொல்வதில்லை. தினமும் அதே வேலை, அதே வழி என்ற ஒழுங்கு அவரைத் தாங்கியிருக்கும் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கேஜுக்கு நேர்ந்தது காயம், இவருக்கு வந்திருப்பது தேயும் நோய், இரண்டும் ஒன்றில்லை. இருந்தாலும் ஒழுங்கு இங்கேயும் உதவுகிறது.

அந்த வீட்டில் இப்போது காலை ஏழு மணிக்கு நடை, பத்திலிருந்து பன்னிரண்டு வரை கடையில் பருப்பு எடைபோட்டுக் கட்டும் வேலை. கல்லாவில் மைத்துனர். ஸ்கூட்டர் சாவி பீரோவில். போனில் இருந்த யுபிஐ எடுக்கப்பட்டுவிட்டது. சட்டைப் பையில் ஒரு சீட்டு: "இவருக்கு மூளை நோய், தயவுசெய்து கோபப்படாமல் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று கன்னடத்திலும் தமிழிலும்.

போன மாதம் மனைவி மட்டும் வந்திருந்தார். இன்னமும் அவரைத் திட்டிவிடுவதாகவும், திட்டிவிட்டு அந்தத் தட்டுகிற கையை நினைத்துக்கொள்வதாகவும் சொன்னார். பேக்கரிக்காரர் இப்போதெல்லாம் அவர் படியேறியதுமே போன் செய்துவிடுகிறாராம். ஒரு தில்பசந்தைத் தட்டில் வைத்து, மனைவி வந்து சேரும்வரை அவரை ஸ்டூலில் உட்கார வைத்திருக்கிறாராம். மாதக் கடைசியில் கணக்கு.