அமைதியான பிள்ளை என்று பெருமைப்படுகிறீர்களா?

காட்பாடியோ குடியாத்தமோ ராணிப்பேட்டையோ, எங்கிருந்து வந்தாலும் பெற்றோர் முதலில் சொல்வது இதைத்தான்: “எட்டாவது வரைக்கும் தங்கமா இருந்தான் மேடம். எதுத்து ஒரு வார்த்தை பேசமாட்டான். இப்போ கதவ சாத்திகினு உள்ளயே கெடக்கறான்.” பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை தரும் எனக்கு இது கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கடைசியாக வந்தவன் பத்தாம் வகுப்பு. கணக்கில் மார்க் குறைந்ததை வீட்டில் சொல்லப் பயந்து விடைத்தாளைக் கிழித்துப் போட்டிருக்கிறான்.

உணர்வுசார் நுண்ணறிவு என்றால் கோபமே வராத, சொன்னபடி கேட்கிற பிள்ளை என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ! 1990-இல் அதை விளக்கிய உளவியலாளர்கள் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும், தன் உணர்வையும் அடுத்தவர் உணர்வையும் அறிந்து, அந்த அறிவைக் கொண்டு யோசித்து நடப்பது என்றார்கள். ‘எனக்குக் கோபம், அப்பா எல்லார் முன்னாலும் திட்டியதால்’ என்று சொல்லத் தெரிந்த பெண்ணுக்கு அது இருக்கிறது. அவளைத்தான் வாயாடி என்கிறோம். பயந்து ஒடுங்கியவனுக்கோ ‘நல்ல பையன்’ பட்டம்.

தலைமைப் பண்பும் இப்படித்தான். பேசுகிறவர் பெயரைக் கரும்பலகையில் எழுதுகிற லீடர் காட்டிக்கொடுக்கத்தான் பழகுவான். முறைத்துக்கொண்ட இரண்டு பேரைச் சேர்த்துக் கபடிக்கு இழுத்து வருகிற கடைசி பெஞ்சுக்காரன் யார் கண்ணிலும் படுவதில்லை. கற்பனைத் திறன்? அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறார்கள். பெயர் கொடுக்கப் போனால் “இந்த வருஷம் பப்ளிக்” என்று வீட்டில் தடை. (ஓவியம் வரைந்து யாரும் ஃபெயில் ஆகி நான் பார்த்ததில்லை.)

ராத்திரி சாப்பிடும்போது மார்க்கை விட்டுவிட்டு வேறு எதையாவது கேளுங்கள். பதில் வந்ததும் அறிவுரையை அவிழ்த்துவிடாதீர்கள். அத்தை மகனோடு ஒப்பிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஆசிரியர்களே, லீடர் பொறுப்பை முறை வைத்து எல்லாருக்கும் கொடுங்கள், அந்தக் கடைசி பெஞ்சுக்கும்.

தூக்கமும் சாப்பாடும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை ஒதுங்கியே இருந்தால் ‘வயசுக் கோளாறு’ என்று விடாதீர்கள். மந்திரித்துக் கயிறு கட்டுவது உங்கள் நம்பிக்கை. அதற்காக டாக்டரைத் தள்ளிப்போட வேண்டாம், தயவுசெய்து. சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே கூட்டி வாருங்கள், தனியாகவும் விடாதீர்கள். நடு ராத்திரியானாலும் 14416-க்கு அழைக்கலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இலவசம், தமிழில் பேசுவார்கள்.