கம்போசிஷன்: ஓவியத்துல இதுக்கு என்ன அர்த்தம், தமிழ்ல என்ன சொல்லலாம்?

நம்ம சிங்கப்பூர்ல பிரைமரி பிள்ளைங்ககிட்ட கம்போசிஷன்னு சொன்னா பரீட்சையில எழுதுற கட்டுரைதான் ஞாபகம் வரும், காம்போன்னு சுருக்கி வேற வெச்சிருக்காங்க. ஓவியத்துல அது வேற சங்கதி. யாரை எங்க வெச்சிருக்கு, யாரு பக்கத்துல யாரு, எந்த இடம் காலி, நம்ம கண்ணு முதல்ல எங்க போகுது, எல்லாம் அதுல அடக்கம்.

வேர் லத்தீன். 'காம்'னா சேர்த்து, 'போனேரே'ன்னா வைக்கிறது. கட்டுரை, இசை, ஓவியம் மூணுக்கும் ஒரே சொல் ஓடுறது அதனாலதான். நம்ம கட்டுரையும் கட்டுன உரைதானே!

நேஷனல் கேலரியில இருக்கிற, சிங்கப்பூர் ஓவியர் சுவா மியா டீயோட 'தேசிய மொழி வகுப்பு' ஓவியத்தை எடுத்துக்குங்க. 1959ல வரைஞ்சது, சிங்கப்பூருக்கு தன்னாட்சி கிடைச்ச வருஷம். சாதாரண மலாய் வகுப்பு, கரும்பலகையில 'சியாபா நாமா காமு', அதாவது உன் பேர் என்னன்னு கேள்வி (2015ல கேலரி திறந்தப்ப சிங்கப்பூர் ஓவியக் கண்காட்சிக்கே இதைத்தான் பேரா வெச்சாங்க). பல இனத்து ஆளுங்க, ஆனா பெஞ்சுல வரிசையா போடாம வட்ட மேசையை சுத்தி உட்கார வெச்சிருக்காரு, வரிசைன்னா முன்னாடி ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்னு ஆகியிருக்கும், வட்டத்துல யாரும் கடைசி இல்ல. படத்தோட மூட்ல பாதி அந்த மேசையிலயே இருக்கு, முகத்தை மட்டும் பார்த்தா இது பிடிபடாது.

சரி, தமிழ்ல? 'கலவை'ன்னு சில பேர் போடுறாங்க, அது சிமெண்டுக்கும் மணலுக்கும்தான் சரி. இசையமைப்பு இருக்கே, அப்ப ஓவிய அமைப்புன்னு சொல்லலாமேன்னா ஏதோ ஓவியர் சங்கம்னு நினைச்சிடுவாங்க. அன்றாட வாழ்க்கையை காட்டுற படத்துக்கு என் ஓட்டு 'காட்சியமைப்பு'. காட்சியே இல்லாத நவீன ஓவியத்துக்கு இது ஒட்டாது, அங்க 'பட அமைப்பு' போதும்.

மேல மூட்னு சொன்னேன்ல, அதுக்கும் தமிழ்ச் சொல் வேணும். மூடுக்கு மனநிலைன்னு எழுதுறோம், படத்துக்கு ஏது மனசு? தொல்காப்பியம் நகை, அழுகைன்னு எட்டு மெய்ப்பாடு சொல்லுது, மெய்யில, அதாவது உடம்புல தெரியிற உணர்ச்சி. ஒருத்தர் குனிஞ்சிருக்கிறது, கையை வெச்சிருக்கிற விதம், இதையெல்லாம் பேச அருமையான சொல். ஆனா படம் முழுக்க பரவி நிக்கிற மூடை அதுல அடக்க முடியாது, அதுக்கு நான் 'உணர்வுச்சூழல்'னு எழுதுறேன், கொஞ்சம் நீளம்தான்.