ஒரு தென்னை மட்டையின் நிழல்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் பெரியப்பா தோப்பில் போர் மோட்டார் சோலாரில் ஓடுகிறது. மூன்று மணிக்கு மேல் ஒரு தென்னை மட்டையின் நிழல் பேனல் ஓரத்தில் விழும். உடனே குழாயில் தண்ணீர் மெலிந்துவிடும்.

"ஒத்த மட்டை நெழலுக்கா கண்ணு இப்படிக் கொறையுது?" என்றார் பெரியப்பா.

பக்கத்தில் நிற்கும் வாழை இலையிலும் பாதி வெயில், பாதி நிழல். அதற்கு ஒன்றும் ஆவதில்லை.

இரண்டும் செய்கிற முதல் வேலை ஒன்றுதான். ஒளித்துகள் மோதி ஓர் எலக்ட்ரானை மேலே தூக்குகிறது. அது பழைய இடத்திலேயே விழுந்துவிட்டால் பெரும்பாலும் சூடுதான் மிஞ்சும். விழாமல் பிரித்துக் கொண்டுபோவதில்தான் சாமர்த்தியமே இருக்கிறது.

பேனலில் இருப்பது சிலிக்கான். ஒரு பக்கம் பாஸ்பரஸ், மறுபக்கம் போரான் துளியளவு கலந்திருப்பார்கள். இரண்டும் சேரும் இடத்தில் நிலைத்து நிற்கும் மின்புலம் எலக்ட்ரானை ஒரே திசையில் தள்ளும். ஒரு செல், அதாவது பேனலில் உள்ள ஒரு சிலிக்கான் தகடு, தருவது சுமார் 0.6 வோல்ட்தான், அதனால் 60, 72 என்று தொடராகக் கோக்கிறார்கள். தொடரில் எல்லாச் செல்லிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாதில்லையா, அப்படித்தான் நிழல் பட்ட செல் தன் வரிசையையே மடக்கிவிடும். அந்தச் செல் சூடேறிக் கருகாமலிருக்கப் பேனலின் பின்புறப் பெட்டியில் மின்னோட்டத்தைச் சுற்றுவழியில் விடும் பைபாஸ் டையோடு உண்டு. அது நிழல் பட்ட பகுதியையே ஒதுக்கிவிடும். பல பேனல்களில் அதுவே மூன்றில் ஒரு பங்கு.

இலையில் பச்சையம் இருக்கும் நுண்ணிய பைகளான பசுங்கணிகங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி ஆலை. ஒன்று நிழலில் இருந்தால் அடுத்தது நிற்காது. பச்சையம் விட்ட எலக்ட்ரானை அடுத்தடுத்த மூலக்கூறுகள் கைமாற்றி வாங்கிப் போகும். காலியான இடத்தை நிரப்ப, நான்கு மாங்கனீசு அணுக்கள் கொண்ட சிறு கொத்து தண்ணீரை உடைக்கிறது. இரண்டு தண்ணீர் மூலக்கூறு உடைந்தால் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வெளியே வரும். நாம் இழுக்கும் மூச்சே அதுதான் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தின் சிலிக்கான் செல் 6 சதவீத ஒளியை மின்சாரமாக்கியது; இன்றைய பேனல்கள் 20ஐத் தாண்டிவிட்டன. பயிர்கள் சேமிப்பது பெரும்பாலும் 1 சதவீதத்தை ஒட்டித்தான். ஆனால் அந்த ஒன்று சர்க்கரையாகி, மாவாகி, எண்ணெயாகித் தங்குகிறது. பேட்டரி இல்லாத பேனலிடம் இருட்டில் கேட்க ஒன்றுமில்லை.

மட்டையை வெட்டிவிடலாம் என்றேன். பெரியப்பா ஒப்பவில்லை. "பச்ச மட்டை. தேங்காக் கொலைக்குச் சோறு போடறதே அதுதான்." பேனல் ஸ்டாண்டைப் பத்தடி கிழக்கே தள்ளி வைத்தோம்.