ஈ.எஸ்.ஐ. காய்ச்சலுக்கு மட்டுமல்ல: மனநோய்க்கும் சிகிச்சை, லீவு, பணம்

மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் பெரும்பாலான ஆலைத் தொழிலாளர்களின் பே ஸ்லிப்பில் 'ஈ.எஸ்.ஐ.' என்று ஒரு பிடித்தம் இருக்கும். தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான சந்தா அது. சம்பளம் 12,000 என்றால் பிடித்தம் 90 ரூபாய். முதலாளி தன் பங்காக 390 ரூபாய் கட்டுகிறார். கை வெட்டுப்பட்டால், பிரசவம் என்றால் ஈ.எஸ்.ஐ. கார்டு ஞாபகத்துக்கு வருகிறது. தூக்கம் கெட்டு, யாரோ காதில் பேசுவதுபோல் கேட்டு, வேலையில் கை ஓடாமல் போகும்போது மட்டும் யாருக்கும் வருவதில்லை. நாலு நாள் வராமல் இருப்பார், சூப்பர்வைசர் சத்தம் போடுவார், ஆள் 'நின்றுவிட்டார்' என்று கணக்கு முடிந்துவிடும். நிற்பதற்கு முன்னால் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் (மருந்தகத்துக்கு) போயிருந்தால் கதை வேறு.

முதலில் சிகிச்சை. வேலையில் சேர்ந்து பதிவான நாளிலிருந்தே தொழிலாளிக்கும், அவரை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவம் உண்டு. மனநோய் அதற்கு விலக்கல்ல. உங்கள் டிஸ்பென்சரி மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "உடம்பு அசதியா இருக்கு சார்" என்றால் சத்து மாத்திரைதான் கிடைக்கும். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ, அங்கே அந்தப் பிரிவு இல்லையென்றால் வேறு மருத்துவமனைக்கோ சீட்டு எழுதி வாங்குங்கள்.

அடுத்து பணம். வேலைக்குப் போக முடியாது என்று ஈ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று தந்தால், சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்குரிய 6 மாத சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். பொதுவாக முதல் 2 நாளுக்குப் பணம் இல்லை.

பலருக்கும் தெரியாதது இதற்கு மேல்தான் இருக்கிறது. நெடுநாள் நோய்கள் என்று 34 நோய்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. புற்றுநோய், காசநோய் இருக்கும் அதே பட்டியலில் மனச்சிதைவு நோய், மேனிக் டிப்ரஸிவ் சைக்கோசிஸ் (அளவு மீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய்), எண்டோஜீனஸ் டிப்ரஷன் (வெளிக்காரணம் இல்லாமல் உள்ளிருந்தே வரும் கடும் மனச்சோர்வு), டிமென்ஷியா (மறதி நோய்) ஆகியவையும் இருக்கின்றன. இவற்றுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 2 ஆண்டு வரை. சராசரி தினக்கூலி 400 என்றால் நாளுக்கு 320 ரூபாய். இதற்கு 2 ஆண்டு தொடர் வேலையும், முந்தைய 4 சந்தாக் காலங்களில் 156 நாள் சந்தாவும் வேண்டும். அடிக்கடி கம்பெனி மாறுகிறவர்கள் பழைய ஐ.பி. நம்பரையே (ஈ.எஸ்.ஐ.யில் உங்களுக்குத் தந்த காப்பீட்டு எண்) புதிய இடத்திலும் கொடுக்க வேண்டும்; இல்லையென்றால் பழைய சந்தாக் கணக்கு ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமுமாக நிற்பீர்கள்.

பட்டியலில் உள்ள பெயர்கள் பழைய காலத்து மருத்துவப் பெயர்கள். பொதுவான பதற்றமும் வேலைப்பளு மன அழுத்தமும் அதில் இல்லை. அவற்றுக்குச் சாதாரண 91 நாள் கணக்கு மட்டுமே. என்னைக் கேட்டால் இது பெரிய ஓட்டை. ஷிப்டு மாற்றத்திலும் டார்கெட்டிலும் நொந்துபோகிறவர்கள்தான் அதிகம். ஆனால் நோய் பட்டியலுக்குள் வருமானால் சான்றிலும் அந்தப் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். மருத்துவரிடம் கேட்டுச் சரிபார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

"கம்பெனிக்குத் தெரிந்துவிடுமே" என்பதுதான் எல்லோருக்கும் உள்ள பயம். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, நோய், சிகிச்சை பற்றிய விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை நோயாளிக்குக் கொடுக்கிறது. எச்.ஆர். போன் போட்டுக் கேட்டார் என்பதற்காக மருத்துவர் உங்கள் விவரத்தைச் சொல்லிவிட முடியாது.

சம்பளம் 21,000-ஐத் தாண்டி, ஈ.எஸ்.ஐ. இல்லாமல் மெடிக்கிளெய்ம் (காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு) வைத்திருப்பவர்களுக்கு அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு கைகொடுக்கும். உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்தால் மட்டும் பணம் என்று பாலிசியில் இருந்தால் மனநோய்க்கும் அப்படித்தான். மாதாமாதம் வாங்கும் மாத்திரைச் செலவு அதில் வராது. பாலிசியில் மனநோய்க்கு மட்டும் தனியாகக் குறைந்த உச்சவரம்பு போட்டிருந்தால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். அப்படி ஒரு வரம்பு செல்லாது என்று 2021-இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

இரண்டும் இல்லாதவர்கள், பெரும்பாலும் கட்டட வேலை, கடை வேலை, வீட்டு வேலை செய்கிறவர்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ மாவட்ட மனநலத் திட்டத்தின் முகாமுக்கோ போகலாம். எங்கே போவது என்றே புரியாத நிலையில், அல்லது நடுராத்திரியில் உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றும் நேரத்தில், 14416-க்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.