நோட்டரி ஆவது எப்படி, சான்றிதழைப் புதுப்பிப்பது எப்போது?

இந்தியாவில் நோட்டரி, அதாவது பத்திரங்களைச் சரிபார்த்துக் கையெழுத்தும் முத்திரையும் போட அரசு நியமிக்கும் சட்டத் தொழிலர், ஆவதற்கு எழுத்துத் தேர்வு கிடையாது. வக்கீலாக எத்தனை வருடம் தொழில் செய்திருக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. 1956-ஆம் ஆண்டு நோட்டரி விதிகளின்படி பொதுப் பிரிவினருக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள் ஆகியோருக்கு 7 ஆண்டு போதும். இந்தச் சலுகை தெரியாமல் பத்து வருடம் முடியட்டும் என்று காத்திருப்பவர்கள் உண்டு, அதனால் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்.

நியமிப்பது மத்திய அரசாகவும் இருக்கலாம், மாநில அரசாகவும் இருக்கலாம். மாநில அரசு நியமித்தால் அந்த மாநிலத்துக்குள், மத்திய அரசு நியமித்தால் நாட்டின் எந்தப் பகுதிக்கும். ஆனால் நோட்டரியாகத் தொழில் செய்ய அரசு தரும் சான்றிதழில் எந்தப் பகுதி எழுதியிருக்கிறதோ அங்கேதான் தொழில் செய்யலாம். எல்லையை விரிவுபடுத்த வேண்டுமானால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பகுதிவாரியாக இத்தனை நோட்டரிகள்தான் என்ற உச்சவரம்பும் இருக்கிறது. தகுதி இருந்தும் இடம் கிடைக்காமல் போக இதுவும் ஒரு காரணம்.

நியமனம் ஆனதும் 5 செ.மீ. விட்டமுள்ள வட்ட முத்திரை, நோட்டரி பதிவேடு இரண்டும் தயாராக வேண்டும். போடும் ஒவ்வொரு கையெழுத்தும் பதிவேட்டில் ஏற வேண்டும். முந்தைய வருடம் செய்த வேலைகளின் கணக்கை ஒவ்வொரு ஜனவரி முதல் வாரத்திலும் அரசுக்கு அனுப்ப வேண்டும். திருமணப் பத்திரம், விவாகரத்துப் பத்திரம் எழுதித் தருவது நோட்டரியின் வேலை அல்ல என்று மத்திய சட்ட அமைச்சகம் 2024 அக்டோபரில் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது. ‘எல்லோரும் செய்கிறார்களே’ என்று யார் வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள். அந்தத் தாளை நம்பி வாழ்க்கை தொடங்கும் குடும்பம்தான் பின்னால் தவிக்கும்.

சரி, புதுப்பிப்புக்கு வருவோம். முன்பு 3 ஆண்டாக இருந்த சான்றிதழின் காலம், 1999 திருத்தத்துக்குப் பிறகு 5 ஆண்டு. ஒவ்வொரு முறையும் இன்னொரு 5 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். பலர் கோட்டை விடுவது தேதியில். காலம் முடிவதற்கு 6 மாதம் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சான்றிதழ் டிசம்பர் 31-இல் முடிகிறது என்றால் ஜூன் மாதத்துக்குள் அனுப்பிவிட வேண்டும், டிசம்பரில் அல்ல. யார் நியமித்தார்களோ அந்த அரசுக்குத்தான் விண்ணப்பமும் கட்டணமும். மத்திய நோட்டரிகளுக்கென்று 2024 செப்டம்பரில் ஓர் இணையதளமும் வந்துவிட்டது.

நடப்பில் சான்றிதழ் இல்லாதவர் நோட்டரி வேலை செய்யக் கூடாது என்று 1952-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின் 9-ஆவது பிரிவு சொல்கிறது. காலாவதியான பிறகு முத்திரை குத்தினால் சிக்கல் உங்களுக்கு மட்டும் அல்ல. பவர் பத்திரத்தையோ அஃபிடவிட்டையோ நம்பிக் கொண்டுபோன கட்சிக்காரர்தான் எதிர்த்தரப்பின் ஆட்சேபணைக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார்.