வெடிக்கவில்லையா? துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காதீர்கள்

குழல் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் திணித்துச் சுடும் துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பதும், அவற்றைச் சுடக் கற்றுக்கொடுப்பதும் என் தொழில். வருகிறவர்களிடம் பெரும்பாலும் இரண்டு புகார்கள்தான் இருக்கும். "ரொம்ப உதைக்குது சார்" என்பார் ஒருவர். "சில நேரம் வெடிக்கவே மாட்டேங்குது சார்" என்பார் இன்னொருவர். சிலருக்கு இரண்டுமே இருக்கும், ஆனால் இரண்டையும் வேறு வேறு நோய் என்று நினைத்துத்தான் சொல்வார்கள். நான் பார்த்தவரை இவை ஒன்றையொன்று வளர்த்துவிடுகின்றன. இரண்டும் சேரும் இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

நல்ல உடல்வாகு உள்ள ஒருவர் பயிற்சிக்கு வந்தார். குண்டைத் திணித்தார், குழலின் அடியில் துளையோடு நீட்டிக்கொண்டிருக்கும் முளையான நிப்பிளில், அடித்தால் தீ கக்கும் சிறு உலோக மூடியான கேப்பை வைத்தார், குறி பார்த்து விசையை இழுத்தார். 'டக்' என்று, கேப்பை அடிக்கும் சுத்தியல் போன்ற குதிரை விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. நான் இலக்கைப் பார்க்கவில்லை, அவர் உடம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் இறுக மூடியது. வலது தோள் முன்னால் தள்ளியது. குழல் வாய் ஒரு சாண் கீழே இறங்கியது. வராத உதையை உடம்பு முன்கூட்டியே எதிர்த்துவிட்டது. அடுத்த நொடியில், என்ன ஆயிற்று என்று பார்க்கத் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கத் தொடங்கினார். என் கை அவருடைய இடது முழங்கைக்கு அடியில் போய்விட்டது. "அசையாதீங்க, இலக்கைப் பார்த்தே பிடிங்க, எண்ணுங்க" என்றேன். அவர் இரண்டு சொல்லி முடிப்பதற்குள் வெடித்தது.

இதுதான் தாமத வெடிப்பு. பெரும்பாலும் அது ஒரு நொடியில் சிறு பகுதிதான் நீடிக்கும். 'டக்' என்பதற்கும் 'டம்' என்பதற்கும் நடுவே ஒரு இடைவெளி காதில் விழும், அவ்வளவுதான். எப்போதாவது அது நீண்டுவிடும். ஈரம் பட்ட மருந்தின் ஓரத்தில் ஒரு பொறி உட்கார்ந்து கனன்றுகொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு, செத்துப்போன துப்பாக்கிக்கும் கனன்றுகொண்டிருக்கும் துப்பாக்கிக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் வெடிக்காத ஒவ்வொரு துப்பாக்கியும் இப்போது வெடிக்கப்போகிறது என்றே நடந்துகொள்ள வேண்டும். குழல் இலக்கைப் பார்த்தபடியே குறைந்தது ஒரு முழு நிமிடம் இருக்கட்டும். உங்கள் சுடுதளத்தில் இரண்டு நிமிடம் என்று விதி இருந்தால் இரண்டு நிமிடம். கை வலித்தால் தாங்கி மேல் வையுங்கள், ஆனால் வாயின் திசை மாறக் கூடாது. குழல் வாய்க்கு முன்னால் முகமோ கையோ வரக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் வெடிக்காத துப்பாக்கியின் வாய்க்குள் எட்டிப் பார்த்தவர்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நிமிடம் முடிந்த பிறகு புது கேப் வைத்து மறுபடி சுட்டுப் பாருங்கள். கேப்பை அழுத்தி உட்கார வைக்காததால், முதல் அடி அதை நிப்பிளில் இறுக்க மட்டுமே செலவாகி, இரண்டாவது அடியில் வெடிப்பது சாதாரணமாக நடப்பது. அப்போதும் போகவில்லை என்றால் மறுபடி காத்திருந்து, நிப்பிளின் துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்து, இன்னொரு கேப். அதற்கும் மசியாவிட்டால், நிப்பிளைக் கழற்றி அதன் அடியில் நான்கைந்து குருணை நல்ல மருந்தைப் போட்டு மூடிச் சுடலாம். சுடுவதற்கு முன் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று திணிக்கும் கோலை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் எடுத்தவுடன் திருகாணிக் கோலை விட்டுக் குண்டை இழுக்கப் பார்ப்பார்கள். உள்ளே உயிருள்ள மருந்து இருக்கும்போது அதைச் செய்யவே கூடாது. முதலில் நிப்பிள் துளை வழியாகத் தண்ணீர் விட்டு மருந்தை நனைத்துக் கொன்றுவிட்டு, பிறகு இழுங்கள்.

இனி ஏன் வெடிக்கவில்லை என்பதற்கு வருவோம். என் மேசைக்கு வரும் கேப் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில் குற்றவாளி எண்ணெய்தான். போன முறை சுட்டு முடித்ததும் நன்றாகக் கழுவி, துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி, குழல் வாய் மேலே இருக்கும்படி அலமாரியில் நிறுத்தியிருப்பார்கள். எல்லாமே அக்கறையோடு செய்த வேலை. அந்த எண்ணெய் மெல்ல வழிந்து குழலின் அடியில் தேங்கி, கேப்பின் தீ மருந்துக்குப் போகிற சிறு வழியை அடைத்துக்கொண்டிருக்கும். அந்த நிப்பிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஊசி நுழையும் அளவே உள்ள துளையில் தேன் நிறத்தில் ஒரு படலம் தெரியும். முதல் வெடி போகாததற்கு அது ஒன்றே போதும்.

சுடப்போவதற்கு முந்தின நாள் துப்பாக்கியைத் தலைகீழாக, வாய் கீழே இருக்கும்படி துணி மேல் நிறுத்திவையுங்கள். மறுநாள் சாராயம் தோய்த்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். குண்டும் மருந்தும் இல்லாத வெறும் துப்பாக்கிதான் என்று உறுதிசெய்துகொண்டு, குழல் வாயை ஒரு புல் நுனிக்கு அருகில் கொண்டுபோய் இரண்டு கேப் அடியுங்கள். புல் நடுங்கினால் வழி திறந்திருக்கிறது. நடுங்கவில்லை என்றால் மருந்தைத் தொடாதீர்கள்.

இரண்டாவது காரணம் கரி. இந்தத் துப்பாக்கிகளில் போடும் கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கும் மேல் புகையாகவும் கசடாகவும் நிற்கும் திடப்பொருள்தான். அந்தக் கசடு காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். சில வெடிகளுக்குள் குழல் சொரசொரப்பாகி, குண்டு பாதி வழியில் இறுகும். அதனால் இடையிடையே துடைக்கத்தான் வேண்டும். ஆனால் துணியைச் சொட்டச் சொட்ட நனைத்துவிட்டால், கரிச்சேறு முழுவதையும் நாமே கீழே தள்ளித் தீ போகும் வழியில் பூசிவிடுகிறோம். அடுத்த வெடி நமத்துப்போவதற்கு அதுவே காரணமாகிவிடும். வாயால் ஊதினால் படியும் ஈரம் அளவுக்கு நனைந்த துணி போதும். அதன் பின் ஒரு உலர்ந்த துணி.

கேப்புக்குப் பதிலாகக் கல்லை எஃகில் உரசிப் பொறி எழுப்பும் அமைப்பான சிக்கிமுக்கிக் கல் பூட்டு உள்ள துப்பாக்கி இன்னும் பொறுமை கேட்கும். கல்லின் விளிம்பு மழுங்கியிருந்தாலும், கல் உரசும் எஃகுத் தகட்டில் விரல் எண்ணெய் பட்டிருந்தாலும் பொறி குறையும். அந்தப் பொறி விழும் சிறு மருந்துக் கிண்ணத்தில் கசடு சேர்ந்தால் அங்கே வைக்கும் பொடி ஈரமாகும். பலருக்குத் தெரியாத ஒன்று: கிண்ணத்திலிருந்து குழலுக்குள் போகும் பற்றுத்துளையை மருந்தால் அடைத்துவிட்டால் பத்திரம் என்று நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. துளை காலியாக இருந்தால் கிண்ணத்தில் எழும் தீ ஒரே பாய்ச்சலில் உள்ளே போகும். நிரம்பியிருந்தால் அந்தப் பொடி திரி மாதிரி எரிந்து எரிந்துதான் போக வேண்டும். இது நாமே உண்டாக்கும் தாமத வெடிப்பு. கரிமருந்துக்குப் பதிலாக விற்கப்படும் பைரோடெக்ஸ் போன்றவை தீப்பிடிக்கக் கூடுதல் சூடு கேட்பவை. சிக்கிமுக்கிப் பொறிக்கு அவற்றை நம்ப முடியாது. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை இந்தத் துப்பாக்கிகளில் போடுவது பற்றிப் பேச்சே வேண்டாம். அதன் அழுத்தத்துக்கு இந்தக் குழல்கள் செய்யப்படவில்லை. குழல் கிழிந்து கையும் கண்ணும் போகும்.

சிக்கிமுக்கியின் இந்தத் தாமதத்தால் சலித்துத்தான் கேப் வழிமுறையே பிறந்தது. ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், கிண்ணத்தில் எழும் தீயைக் கண்டு பறவைகள் உஷாராகிவிடுவதைப் பார்த்து, அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைப் பயன்படுத்தும் பூட்டைச் செய்து 1807இல் காப்புரிமை வாங்கினார். பறவை உஷாராவது போலவே சுடுகிறவர் உடம்பும் அந்தத் தீயைக் கண்டு உஷாராகிறது என்பதைக் கல்துப்பாக்கி சுட்டவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

இப்போது உதைக்கு வருகிறேன். உதை நமக்கு எதிரி என்றே எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் வெடித்ததற்கு உடம்பு அறியும் ஒரே சாட்சியும் அதுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863இல் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்த பின் களத்தில் பொறுக்கியெடுத்த துப்பாக்கிகள் 27,500க்கு மேல் என்றும், அவற்றில் சுமார் 24,000 குண்டு நிரப்பிய நிலையில் இருந்தன என்றும், அந்த 24,000இல் சுமார் பாதியில் இரண்டு முறையும், கால்பங்கில் மூன்று முதல் பத்து முறை வரையும் திணித்திருந்தது என்றும் பதிவுகள் சொல்கின்றன. சுற்றிலும் ஆயிரம் வெடி முழங்கும்போது தன் துப்பாக்கி வெடித்ததா என்று தெரியாமல் அடுத்த சுற்றைத் திணித்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். நெரிசலான சுடுதளத்தில், காதில் அடைப்பான் போட்டுக்கொண்டு, பக்கத்து ஆள் சுட்ட அதே நொடியில் உங்கள் கேப் மட்டும் வெடித்தால் உங்களுக்கும் இது நேரலாம். தோள் என்ன சொன்னது என்று கேளுங்கள். உதைக்கவில்லை என்றால் சுடவில்லை.

அதைவிட உறுதியான வழி, ராம்ராட் என்கிற திணிகோலில் இரண்டு கோடு. வெறும் குழலில் கோலை இறக்கி, வாயோடு ஒட்டும் இடத்தில் கத்தியால் ஒன்று. உங்கள் வழக்கமான மருந்தும் குண்டும் திணித்த பின் இன்னொன்று. மருந்தே போடாமல் குண்டை மட்டும் திணித்ததா, இரண்டு முறை திணித்ததா, குண்டு மருந்தின் மேல் உட்காராமல் நடுவழியில் நிற்கிறதா, மூன்றையும் அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். மூன்றாவதுதான் குழலைக் கெடுப்பது. மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் விட்டுச் சுட்ட ஒரு குழலை ஒருவர் கொண்டுவந்தார். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவிக்கொண்டே போனால் ஓரிடத்தில் மோதிரம் போட்டது போல ஒரு புடைப்பு. இரட்டைக் குழல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: ஒரு குழலைச் சுடும் உதையில் மற்றக் குழலில் இருக்கும் குண்டு முன்னால் நகர்ந்துவிடலாம். சுட்ட குழலை மறுபடி நிரப்பும் முன் மற்றதன் கேப்பை எடுத்துவிட்டு, கோலை இறக்கிக் கோட்டைப் பாருங்கள்.

உதையைக் குறைக்க வழி கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது மருந்தின் அளவை. 50 காலிபர், அதாவது அரை அங்குலக் குழல் துளையும், 3.6 கிலோ எடையும் உள்ள துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். 11.5 கிராம் உருண்டைக் குண்டும் 70 கிரெய்ன் (ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெய்ன்) மருந்தும் ஒரு பக்கம். 24 கிராம் நீள்குண்டும் 100 கிரெய்ன் மருந்தும் மறுபக்கம். கணக்குப் போட்டால் இரண்டாவதன் உதை ஆற்றல் முதலாவதைப் போல மூன்று மடங்கை நெருங்குகிறது. குண்டு மட்டும் அல்ல, எரிந்த மருந்தும் அதே வாய் வழியாகத்தான் பாய்ந்து வெளியேறுகிறது. இந்தத் துப்பாக்கிகளில் மருந்தின் எடை குண்டின் எடையில் கால்பங்கும் அதற்கு மேலும் இருப்பதால், கொஞ்சம் கூட்டினாலும் தோளுக்குத் தெரியும். காகித இலக்கைத் துளைக்க அந்தக் கூடுதல் மருந்து தேவையே இல்லை. குறைந்த அளவில்தான் குண்டுகள் நெருக்கமாக விழுகின்றன என்று கண்டு வியந்தவர்கள் பலர். தயாரிப்பாளர் சொன்ன உச்ச அளவைத் தாண்டவே கூடாது. அதைத் தொட வேண்டிய அவசியமும் இல்லை.

பழைய பாணித் துப்பாக்கிகளின் அடிக்கட்டை பிறை போல வளைந்து இரண்டு கூர் முனைகளோடு இருக்கும். அதை இன்றைய துப்பாக்கி போலத் தோள்குழியில் வைத்தால் முனை சதையில் குத்தும். அது தோள் மூட்டுக்கு வெளியே, மேற்கையில் கவ்வுகிற மாதிரி வைத்துச் சுடச் செய்யப்பட்டது. இந்த ஒரு மாற்றத்தில் பாதிப் புகார் தீர்ந்துவிடும். எந்தக் கட்டையானாலும் உடம்போடு ஒட்டியிருக்கட்டும். விரல் அளவு இடைவெளி விட்டால் தள்ளல் அடியாக மாறும். மேசையில் குனிந்து உட்கார்ந்து சுடுவதைவிட நின்று சுடும்போது உதை குறைவாகத் தெரியும், உடம்பு கூடவே பின்னால் அசைந்து கொடுக்கும். காதடைப்பான் அவசியம் போடுங்கள். பலர் பயப்படுவது உதைக்கு அல்ல, சத்தத்துக்கு. கேப் சிதறல் பறக்கும் என்பதால் கண்ணாடியும் வேண்டும்.

பயம் ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் பேச்சால் இறங்காது. அதற்கு நான் வைத்திருக்கும் பயிற்சி இது. துப்பாக்கியை நானே தயார்செய்து கொடுப்பேன். சில முறை மருந்தும் குண்டும் இருக்கும், சில முறை கேப் மட்டும். எது என்று சுடுகிறவருக்குத் தெரியாது. வெடிக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் குழலை அசைக்காமல் நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். முதல் நாள் எல்லோருக்கும் குழல் வாய் கீழே இறங்கும். அதை அவர்களே பார்ப்பதுதான் மருந்து.

முழங்கையைப் பிடித்து நான் நிறுத்திய அந்த மாணவர் நான்காவது வாரமாக வருகிறார். நேற்று ஐந்தாவது முறை கேப் மட்டும் வைத்துக் கொடுத்தேன். 'டக்'. குழல் அப்படியே நின்றது. உதடு மட்டும் அசைந்து எண்ணிக்கொண்டிருந்தது. கண் இன்னும் மூடுகிறது. அடுத்த முறை மருந்தில் இன்னும் பத்து கிரெய்ன் குறைத்துப் பார்க்கப்போகிறோம்.